பழுதற்றது என்று நான் எழுதிய நாணயம்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, மருந்துக் கடையில் மாத்திரை வாங்க வந்தவர் நீட்டிய சில்லறையிலும் வரலாற்றைத் தேடிய வித்தகரே. என்னைவிட மூத்தவர்களாய் இந்தச் சங்கத்தில் எஞ்சியிருக்கும் இரண்டே இரண்டு பெரியவர்களே. கணவன்மார் வாங்கி வந்த செம்பையும் வெள்ளியையும் பார்த்து 'இதுக்கா இவ்வளவு காசு?' என்று கேட்டுவிட்டு, அதே நாணயங்களுக்கு அலமாரியில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்த அருமைத் தாய்மார்களே. நாளைக் காலை ஏலக் கூடத்தில் எண் அட்டையைத் தூக்கக் காத்திருக்கும் கைகளே. உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

ஒலிபெருக்கி கேட்கிறதா? கடைசி வரிசை தலையாட்டுகிறது. நல்லது. உரக்கப் பேச என்னிடம் மூச்சில்லை. நாற்பத்தோர் ஆண்டுகள் ஏல நிறுவனத்தின் பின்னறையில், ஒற்றை விளக்கின் கீழ், உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்தி உட்கார்ந்திருந்தவன் நான். அயலார் ஆண்ட காலத்து நாணயங்கள், அரசர் தலைகள், அரசியர் தலைகள், தேய்ந்த தலைகள், தேயாத தலைகள் என்று பார்த்துப் பார்த்து என் தலை நரைத்தது. பார்வை தளர்ந்தது. முழங்கால் தளர்ந்தது. இன்று மனமும் தளர்ந்துதான் இந்த மேடையில் நிற்கிறேன்.

பிழையே அறியாத மதிப்பீட்டாளர் என்று என்னைப் புகழ்ந்தார்கள். கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தின் நடுவே ஒரு நாணயத்தின் படம். எந்த நாணயம் என்று உங்களுக்குத் தெரியும். கடல் கடந்து இருந்த அரசியின் தலை பொறித்த வெள்ளி நாணயம். ஆண்டு எண்ணுக்குக் கீழே கடுகளவு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைத் தேடிப் பார்வையைக் கெடுத்துக்கொண்டவர்கள் இந்த அவையில் பாதிப் பேர். தலைவரிடம் மட்டுமே அது இருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக அவர் தொகுப்பின் திலகம் அதுதான். நாளைக் காலை அது ஏலத்துக்கு வருகிறது.

ஏன் விற்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைவர் குடியிருப்பது மூன்றாம் மாடி. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் துணைவியார், எனக்குத் தங்கை முறை, இப்போதெல்லாம் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு முக்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வீடு போய்ச் சேர்கிறார். கீழ்த்தளத்தில் ஒரு சிறு வீடு பார்த்திருக்கிறார்கள். நாணயம் விற்றால் வீடு வரும்.

அதற்கான சான்றிதழ்தான் இதோ என் முன்னால், கண்ணாடிக் குவளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட வேண்டும். பேச்சு முடிந்ததும் போடுங்கள் என்றார்கள். போட முடியுமா என்னால்? பொய்யின் மேல் இன்னொரு முறை பேனாவை வைக்க முடியுமா?

சலசலப்பு கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். ஒரு கதை இருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு பிற்பகல். சலவைக் கடை நடத்தும் பெண்மணி ஒருவர் பின்னறைக்கு வந்தார். சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். முடிச்சவிழ்த்துக் கைக்குட்டையிலிருந்து இந்த நாணயத்தை எடுத்து வைத்தார். விளிம்பில் ஒரு வெள்ளி வளையம் பற்றவைத்திருந்தது. அவருடைய தாயார் அதைச் சங்கிலியில் கோத்து வாழ்நாள் முழுக்கக் கழுத்தில் அணிந்திருந்தாராம். தாயார் போய்விட்டார். கடையில் துணி துவைக்கும் இயந்திரமும் போய்விட்டது. புதிது வாங்க வேண்டும்.

நான் உருப்பெருக்கியில் பார்த்தேன். புள்ளி இருந்தது. நூறாண்டுக் கறுப்பு, தொட்டுக் கெடுக்காத கறுப்பு, முகமெங்கும் படிந்திருந்தது. அந்தக் கறுப்பைத் துடைக்காத நாணயத்துக்குத்தான் நம்மிடையே விலை. வளையம் இருந்தாலும் அதற்கென்று ஒரு நியாயமான விலை உண்டு. அதைச் சொல்லியிருக்கலாம். எடுத்து வைத்து ரசீது கொடுத்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? என் மேதாவித்தனத்தை ஒரு சலவைக்கடைக்காரரிடம் காட்டினேன்.

"இந்த வளையம் மட்டும் இல்லேன்னா இது எங்கேயோ போயிருக்கும்மா."

"அப்படிங்களா?" என்றார். "யோசிச்சுட்டு வரேங்க."

நாணயத்தை மறுபடி முடிந்துகொண்டு போனார். நான் தேநீர் குடிக்கப் போனேன்.

எட்டு நாள் கழித்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கைக்குட்டையை விரித்தார். வளையம் இல்லை. அறுத்து, அராவி, விளிம்பைச் சமன் செய்திருந்தது. கறுப்பும் இல்லை. நேற்று அச்சடித்ததுபோல் பளபளவென்று வெளுத்துக் கிடந்தாள் அரசி.

"நீங்க சொன்ன மாதிரியே எடுத்தாச்சுங்க. நகை செய்றவர் வளையத்தை மட்டும்தான் எடுத்தாரு. கறையை நானே எடுத்தேன். மூணு நாள் ஆச்சு. என் கைக்குப் போகாத கறையே இல்லீங்க."

சிரிக்காதீர்கள் நண்பர்களே. சிரிக்க என்ன இருக்கிறது? கறையைப் போக்குவது அவர் தொழில். கறைக்கு விலை வைப்பது என் தொழில். இதை அவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? நான் சொல்லியிருக்க வேண்டும். 'துடைக்காதே' என்ற ஒரே ஒரு சொல். என் வாயில் இருந்தது. வரவில்லை.

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? 'அம்மா, என் பேச்சைக் கேட்டு உங்கள் தாயாரின் நாணயம் பாழாகிவிட்டது' என்று சொன்னேனா? வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் முந்தானை முடிச்சிலிருந்து அறுத்த வளையத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இது உங்களுக்கு எதுக்காவது ஆகுங்களா?" என்று கேட்டார். நான் வாங்கி மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, "வெச்சுட்டுப் போங்க, பார்த்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். எப்படிப் பார்த்துக்கொண்டேன் தெரியுமா? ஒரு பழுப்புக் காகித உறையில் நாணயத்தைப் போட்டு, வெயில் படும் சன்னலில் ஏழு மாதம் வைத்தேன். கறுத்தது. நூறாண்டு செய்த வேலையை ஏழு மாதத்தில் செய்துவிட்டேன். அந்த அம்மா மாதம் ஒருமுறை தொலைபேசியில் கேட்பார். "ஏலம் தள்ளிப் போயிருக்கும்மா" என்பேன். அந்த ஏழு மாதமும் அவர் கையால் துவைத்தார். பிறகு ஏலப் பட்டியலில் எழுதினேன்: 'இயற்கையான கால நிறம். பழுதற்றது.'

அவர்மேல் இரக்கப்பட்டுச் செய்தேன் என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. என் பெயருக்குப் பயந்து செய்தேன். பிழையே அறியாதவன் என்ற இந்தப் பெயருக்கு.

அன்று ஏலக் கூடத்தில் இரண்டே இரண்டு அட்டைகள் உயர்ந்தன. ஒன்று, அதோ ஐந்தாம் வரிசையில் இருக்கும் கண்ணாடிக் கடைக்காரருடையது. ஐயா, அன்று தோற்றதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை நீங்கள். இன்று நிம்மதியாகத் தூங்கலாம். மற்றொன்று நம் தலைவருடையது. வென்ற பிறகு உருப்பெருக்கியை அவரிடம் நீட்டினேன். ஒருமுறை பார்க்கட்டும், விளிம்பைப் பார்க்கட்டும், கண்டுபிடிக்கட்டும் என்றுதான் நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை.

"நீங்க பார்த்துட்டீங்கல்ல. அப்புறம் எனக்கெதுக்குய்யா அது?"

இந்த ஒரு வாக்கியம் பதினோரு ஆண்டுகளாக என்னை உட்கார விடவில்லை, உறங்க விடவில்லை. நல்லவர் ஒருவர் நம்பும்போது அந்த நம்பிக்கையைச் சுமக்கிற பாடு இருக்கிறதே, களைத்துப் போனேன் ஐயா. அவர் வீட்டுக்குப் போகும் போதெல்லாம் நாணயத்தை எடுத்துக் காட்டுவார். நான் நன்றாயிருக்கிறது என்பேன். தங்கை தேநீர் கொண்டு வருவார். குடிப்பேன். எத்தனை குவளை குடித்திருப்பேன்?

நாணயத்தை நாம் எதைக்கொண்டு மதிக்கிறோம்? எடையைக்கொண்டா? தேய்மானத்தைக்கொண்டா? அரிதென்பதைக்கொண்டா? எல்லாவற்றையும்கொண்டுதான். ஆனால் எடை பார்க்காதவனும், எழுத்துப் புரியாதவனும், கண் மங்கியவனும் கடைசியில் நம்பி வாங்குவது மதிப்பிட்டவன் எழுதிய அந்த ஒரு வரியை. வரி பொய்த்தால் வெள்ளி வெறும் வெள்ளி. வரி பொய்த்தால் நம் சங்கம் வெறும் சந்தை. வரி பொய்த்தால் நான் வெறும் கிழவன்.

ஆகவே இந்தச் சான்றிதழில் 'பழுதற்றது' என்ற சொல்லை உங்கள் எல்லார் முன்னிலையிலும் அடிக்கிறேன். மேலே எழுதுகிறேன்: 'வளையம் நீக்கப்பட்டது. துலக்கப்பட்டது. செயற்கையாகக் கறுக்கவைக்கப்பட்டது.' நாளை இதன் விலை சரியும். எவ்வளவு சரியும் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? சரியும் அளவுக்கு என் சொந்த நாணயங்கள், முப்பத்திரண்டும், தலைவரின் பெயரில் அதே ஏலத்துக்கு வருகின்றன. பட்டியலில் இன்று காலையே சேர்த்துவிட்டேன். அவற்றுக்கு நான் மதிப்பெழுதவில்லை. வேறொருவர் எழுதியிருக்கிறார். போதாவிட்டால், போதும்வரை நான் இருக்கிறேன்.

இந்த வளையத்தையும் மேசைமேல் வைக்கிறேன். நாணயத்தோடு சேர்ந்து போகட்டும். வாங்குகிறவருக்கு அது ஒரு தாயின் கழுத்தில் இருந்தது என்று தெரியட்டும். கேடயத்தையும் வைத்துவிடுகிறேன். நாளை ஏலம் முடிந்ததும் நேரே சலவைக் கடைக்குப் போகிறேன். அங்கேயும் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது.

தலைவர் வளையத்தை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருக்கிறார். பேச வேண்டாம் ஐயா. கோபமாக இருங்கள். அது உங்கள் உரிமை.

என்ன? முன்வரிசையிலிருந்து தங்கை எழுந்து ஏதோ சொல்கிறார். பின்னால் கேட்கவில்லையாம், நானே சொல்கிறேன். "அண்ணே, கால் நடுங்குது உங்களுக்கு. முதல்ல உக்காருங்க" என்கிறார்.

மாடித் திருப்பத்துக்குத் திருப்பம் முக்காலி போட்டு ஏறுகிறவர், என் காலைப் பார்க்கிறார்.

உட்காருகிறேன் அம்மா. இந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு உட்காருகிறேன்.

போட்டுவிட்டேன்.

பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி. எழுந்து போகாமல் இருந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நன்றி. நாளை நாணயம் வாங்கும் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள்: யார் எழுதியிருந்தாலும், உருப்பெருக்கியை வாங்கி ஒருமுறை நீங்களே பாருங்கள். வணக்கம்.