கொல்லைக் கதவருகே ரப்பர் செடி

உங்கள் மேசையில் இருக்கும் மணி பிளான்ட்டுக்குத் தண்ணீர் மாற்றி ரொம்ப நாளாகிறது, மேடம். பாட்டிலுக்குள் வேர் கறுத்திருக்கிறது. இலையெல்லாம் சாம்பல். நெய்வேலியில் செடி வைத்தால் ஈரத்துணியால் தினமும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு மூச்சு முட்டும்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் எழுந்து படிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பின்பெஞ்சில் சிரிப்பார்கள். அம்மா இறந்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டேன். லியோ அண்ணனுக்கு மைன்ஸில் பெர்மனென்ட் வேலை. அவனுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்த வீட்டை நான்தான் அழகாக்கினேன். காய்ந்த முந்திரிக் கிளையைப் பித்தளைக் குடத்தில் நட்டு, அதில் மணி பிளான்ட்டை ஏற்றினேன். குளியலறை ஈரத்தில் பெரணி வைத்தேன். ஜன்னல்களை மூடி, கம்பியெல்லாம் கொடி படரவிட்டேன். தூசி வராது. பகலிலும் உள்ளே பச்சை வெளிச்சம்தான் இருக்கும். அந்த வெளிச்சத்தில் யாரும் என்னை எதையும் படிக்கச் சொன்னதில்லை.

பிறகு அன்னமேரி அண்ணி வந்தார். குறிஞ்சிப்பாடிக்காரர், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நல்லவர். எனக்குப் பின்னல் போட்டுவிடுவார், ஆஸ்பத்திரிக் கதை சொல்லிச் சிரிக்கவைப்பார். அவருக்கு வீசிங் இருந்தது. எங்கள் வீட்டு மண் ஈரமும் மூடிய ஜன்னலும் அதைக் கிளப்பிவிட்டன. டாக்டர் செடிகளை வெளியே எடுக்கச் சொன்னார். நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு இடம் மட்டும் மாற்றி வைத்தேன்.

அண்ணி கோபப்படவில்லை. ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு இலையைத் துடைத்தபடி சொன்னார்.

“செடியக்கூட அப்பப்ப வெயில்ல வெக்கிறடி. நீ எத்தினி நாளு இப்டி உள்ளயே உக்காந்துகினு இருப்ப?”

அவரே அதற்கு வழியும் வைத்திருந்தார். குறிஞ்சிப்பாடியில் அவர் அக்கா வீட்டில் தங்கி நான் பத்தாவது எழுத வேண்டும். சனிக்கிழமை ஒரு வேன் வரும், செடிகள் அண்ணியின் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும். அதே வேனில் நானும் போகவேண்டியது. அண்ணனும் ஒத்துக்கொண்டான். “போய்ப் படியேன், பாப்பா,” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

எங்கள் டவுன்ஷிப் வழக்கம் ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கும்போது வாசலில் வெளிப்பக்கம் பூட்டுப் போட்டுவிட்டு, மற்றவர்கள் கொல்லைப் பக்கமாகப் புழங்குவார்கள். பூட்டைப் பார்த்தால் பால்காரர் முதல் ஜெபக்கூட்டத்துக்கு அழைக்கிறவர் வரைக்கும் திரும்பிவிடுவார்கள். அண்ணி தூங்கும் பகல்களில் வாசலைப் பூட்டுவது என் வேலை.

வெள்ளிக்கிழமை காலையும் பூட்டினேன். அண்ணன் ஷிப்ட்டுக்குப் போயிருந்தான். அண்ணி நைட் டூட்டி முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணியின் கைப்பையை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தேன். அதில் தூசி இருந்தது, துடைக்கலாம் என்றுதான். அவருடைய போனும், வீசிங்குக்கு இழுக்கும் பம்ப்பும் அதில்தான் எப்போதும் இருக்கும். பெரணித் தொட்டிகளை இரவே அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மறுநாள் போகப்போகிற செடிகள், ஒரு நாளாவது அவர் பார்க்கட்டுமே.

கொல்லைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். ரப்பர் செடி இருந்த சிமெண்ட் தொட்டியை விளிம்பில் சாய்த்து உருட்டி, அந்தக் கதவை ஒட்டி வைத்தேன். அங்கே அது நன்றாக இருந்தது. இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ் தொட்டிகளைச் சேர்த்தேன். பிறகு உட்கார்ந்து இலைகளைத் துடைக்க ஆரம்பித்தேன்.

முதலில் இருமல் கேட்டது. பிறகு ஏதேதோ சாமான் உருளும் சத்தம். பிறகு கதவில் தட்டல். என் பெயரைச் சொன்னார் என்று நினைக்கிறேன், மூச்சில்லாமல் சொன்னதால் தெளிவாக இல்லை. ரப்பர் இலைகள் லேசாக ஆடின.

பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் அக்கா வேலிக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். “ஏ பிள்ள, உங்க வீட்டுக்குள்ள யாரோ கதவத் தட்டுத மாதிரி கேக்கே?”

“மைன்ஸ்ல வெடி வெச்சிருப்பாங்கக்கா, அதான் கதவு அதிருது. அண்ணி நைட் டூட்டி பாத்துட்டுத் தூங்கறாங்க.”

“அடப் பாவமே, நான் வேற சத்தம் போடுதேன்,” என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

வெளியாள் ஒருவரிடம் இவ்வளவு நீளமாக, திக்காமல் நான் பேசியது அன்றைக்குத்தான். தொண்டை அடைக்கவே இல்லை. அதை அண்ணியிடம் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றியது.

தட்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவின் கீழ்ப்பக்கம் வந்து, நின்றது. நான் கடைசி இலைவரை துடைத்து முடித்தேன். தொட்டியைப் பழைய இடத்துக்கு உருட்டினேன். சிமெண்ட் தரையில் அது விட்ட அரைவட்டக் கீறலைத்தானே நீங்கள் பார்த்தீர்கள்?

ஆமாம், நான்தான் செய்தேன். அதை மறைக்கவில்லை. ஆனால் வாக்குமூலத்தில் கொன்றேன் என்று எழுதுகிறீர்களே, அந்தச் சொல் மட்டும் வேண்டாம், மேடம். எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நைட் டூட்டி பார்த்துவிட்டுத் தூங்குகிறவர்களை நாங்கள் எழுப்ப மாட்டோம்.