பதினோரு கணினிகள்

உங்கள் ஸ்டேஷன் கணினியின் விசிறி இரைகிறது, ஐயா. ஒருமுறை தூசி தட்டச் சொல்லுங்கள். சொன்னாலும் செய்ய மாட்டார்கள், எனக்குத் தெரியும்.

மருத்துவமனையின் பதினோரு கணினிகளும் என் பொறுப்பில் இருந்தன. யார் எதைத் தொடலாம் என்று வரம்பு வைக்க வேண்டுமெனப் பெரிய டாக்டரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். “வேலையக் கெடுக்காதீங்க. எல்லாருக்கும் எல்லா அனுமதியும் குடுத்துத் தொலைங்க” என்றார், என் முகத்தைக்கூடப் பார்க்காமல். வாசலைத் திறந்துபோட்டுத் தூங்குகிற கூட்டத்துக்கு வேறு எப்படித்தான் புத்தி வரும்?

சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். ரிப்போர்ட் படிவத்தைப் புதுப்பிப்பது என்று பெயர் சொல்லி எல்லோருக்கும் அனுப்பினேன். திறந்தால் முழு அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் டிஸ்க்கில் தங்காது, மதர்போர்டில் கணினியை எழுப்புகிற சிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கணினி விழிப்பதற்கு முன்பே அது விழித்துவிடும். படித்த முட்டாள்கள் பத்துப் பேர், படிக்காமலே அழுத்தினார்கள்.

பரிசோதனைக்கூடத்துக் கணினியில் மட்டும்தான் அதற்கு வேலை. அவ்வப்போது ஏதாவது ஒரு ரிப்போர்ட்டில் ஓர் எண்ணை மாற்றும். டாக்டர் திணறிப்போய் என்னைத் தேடி வருவார் என்று நினைத்தேன். அந்த மனிதர் ரிப்போர்ட்டையே ஒழுங்காகப் பார்ப்பதில்லை. அங்கே வேலை பார்த்த பெண்தான் பார்த்தாள். “மெஷின்ல ஒரு நம்பர், பேப்பர்ல ஒரு நம்பர் வருதுண்ணா” என்றாள். எல்லோர் முன்னாலும் டிஸ்க்கை அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். மறுபடியும் வந்து சொன்னாள். டிஸ்க்கையே மாற்றினேன். சிப்பை யார் தொட்டார்கள்? மூன்றாம் முறை அவள் வந்தபோது டாக்டரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்ல. இந்தப் பொண்ணு கைதான் சரியில்ல.” நான் மறுக்கவில்லை.

அப்புறம் அந்தத் தையல்காரர். சிறுநீரக நோயாளி. ரத்தத்தில் பொட்டாசியம், இதயமே நின்றுவிடுகிற அளவுக்கு ஏறியிருந்தது. தாளில் அளவோடு இருப்பதாக வந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் இறந்துபோனார். பழி அந்தப் பெண்ணின் தலையில் விழுந்தது. நீங்களும் அவளைத்தான் பிடித்து உள்ளே வைத்தீர்கள். இப்போது உங்கள் நிபுணர் அந்தச் சிப்பைப் படித்துவிட்டாராம். ஒருவராவது படித்தாரே.

ஆமாம், நான்தான் செய்தேன். அதற்காக அவளை ஒரு பாவமும் அறியாதவள் என்று வெளியே விட்டுவிடாதீர்கள். புரோகிராமை அனுப்பிய அன்றைக்கு, அனுமதி கேட்டு வந்த அறிவிப்பை வரி விடாமல் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். “அண்ணா, இது முழு அனுமதி கேக்குதே, குடுக்கலாமா?”

“நான் அனுப்பினதுதாம்மா, குடு” என்றேன்.

கேட்டுவிட்டு அழுத்தினால் மட்டும் அது அவள் தப்பில்லை என்று ஆகிவிடுமா, ஐயா?