வெள்ளத்தாயின் முதுகுப் படம்

— அப்ப நிமுருமா, நிமுராதா? டாக்டரு என்னதான் சொன்னாரு? நான் உள்ள சேலையத் திருத்திக்கிட்டு நின்னேன், ஒண்ணும் கேக்கல.

— பொறுட்டி வெள்ளத்தாயி. ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டி இந்த ராசபாளையம் ஸ்டாண்டுக்கு வர இன்னும் அர மணி இருக்கு. முப்பது வருசம் மில்லுல பிட்டரா இருந்து ரிட்டயரான பொன்னுராசு சொல்லுதேன், கேளு. உன் எக்ஸ்ரே படத்தப் பாத்ததும் டாக்டரு எந்திரிச்சு நின்னு கும்பிட்டாரு.

— உங்க புளுகுல கால்வாசியக் கொறச்சுக்கிட்டுச் சொல்லுங்க.

— முதுகு கோணுறதுல மூணு தினுசாம். பக்கவாட்டுல கோணுறது ஒண்ணு. அது வளர்ற வயசுல பொம்பளப் பிள்ளைகளுக்குத்தான் ஜாஸ்தி. ஏன் வருதுன்னு டாக்டருமாருக்கே தெரியாதாம். உன்னையக் குனியச் சொல்லி, பின்னால நின்னு பாத்தாருல்லா, அது இருக்கான்னுதான்.

— நான்தான் குனிஞ்சே கெடக்கேனே, பொறவு என்னத்தக் குனிய?

— அதச் சொல்லி அவரும் சிரிச்சாரு. இடுப்பு உள்வாங்கிக்கிட்டா ரெண்டாவது தினுசு, தொந்தியத் தூக்கிக்கிட்டு வருவான்லா நம்ம ஐயாதுரை, அவன் மாதிரி. மேல்முதுகு வெளிய வளஞ்சா மூணாவது. அதுதான் உனக்கு. இப்படி அம்சமான வளைவு காமராசர் ஜில்லாவுலயே கெடையாது.

— தண்ணிக் கொடம் சொமந்ததுனாலன்னு மதினி சொல்லுதா.

— அவ கெடக்கா. நான் அதையும் கேட்டேன், கொடத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னுட்டாரு. சிலருக்குப் பெறக்கும்போதே உண்டாம். சிலருக்கு டி.பி. வந்து எலும்பத் தின்னுருமாம். காச்சல் உண்டா இருமல் உண்டான்னு கேட்டதும் ரத்தம் எடுத்ததும் அதுக்குத்தான். உனக்கு அது இல்ல. வயசுக்கு எலும்பு பொரையோடிப் போச்சு. மில்லுல நூல் சுத்துற பாபின அடுக்கி வச்சாப்புல இருக்குற முதுகெலும்புல மூணு, முன்பக்கம் மட்டும் நசுங்கிருக்கு. அப்ப அடுக்கு முன்னால சாயத்தான செய்யும்? படத்துல மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு இழுத்து, பள்ளிக்கூடத்துப் பாகைமானிய வச்சு அளந்தாரு. அறுபத்தெட்டு டிகிரி. ஊர்ல நான் தொண்ணூறுன்னு சொல்லிக்கிடுதேன்.

— நான் கேட்டதுக்குப் பதில் வரல.

— இதுக்கு மேல வளையாமப் பாத்துக்கிடலாமாம். மாத்திர, பாலு, காலையில செத்த நேரம் வெயிலு.

— அப்ப நிமுராது.

— வலி கொறையும்ட்டி.

— வலிக்கா வந்தேன்? அடுத்த மாசம் முத்துவீரன் அஸ்ஸாம்லருந்து லீவுல வாரான். போன லீவுல, எம்பத்தேழு ஆடித் தேருக்கு வந்து ஒரு மாசம் இருந்தானே, நான் பாத்ததெல்லாம் அவன் பூட்ஸும் பெல்ட்டும்தான். பெத்த பிள்ள மீச வச்சிருக்கானா எடுத்துட்டானான்னு அடுத்த வீட்டு பாலம்மாள்ட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

— உக்காருலேன்னு சொல்லிருக்கலாம்லா?

— அம்மா முன்னால உக்கார மாட்டேங்கான். பட்டாளத்து மரியாதையாம், வெறச்சுக்கிட்டு நிக்கான். வந்த அன்னைக்கும் போற அன்னைக்கும் காலுல விழுதான். அப்பமாவது பாக்கலாம்னா மூஞ்சி தரையில. எனக்குத் தெரிஞ்சது பிடரிதான்.

— பிடரி என்னைய மாதிரி. அழகாத்தான் இருக்கும்.

— வெளையாடாதீங்க. எக்ஸ்ரே ரூம்ல ஒரு பொம்பளைய ஸ்ட்ரெச்சரோட தரையில மல்லாக்கக் கெடத்திருந்தாக. நான் நின்ன வாக்குலயே அவ முகம் முழுசாத் தெரிஞ்சுச்சு, மூக்குத்திக் கல்லு மொதக்கொண்டு. ஒரு ஆளு முகத்த அப்படிப் பாத்து எம்புட்டு நாளாச்சு. நீங்க இன்னைக்கே இன்லண்டு லெட்டர் வாங்கி எழுதுங்க. இந்தத் தடவ குப்புற விழ வேண்டாம், என் காலடியில மல்லாக்கப் படுக்கட்டும்.

— அவன் ஹவில்தார்ட்டி. தெருச்சனமே கூடி நிக்கும், என்ன நெனைக்கும்?

— என்னமும் நெனைக்கட்டும். பாத்து முடிச்சதும் எந்திரிச்சுக்கிடட்டும்.

— எழுதுதேன். ஆனா அவன் வர இன்னும் ஒரு மாசம் கெடக்கு. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் மொதல்ல நான் படுத்துக்கிடுதேன். அவனுக்கு ஒரு லீவுதான போச்சு. நான் ரெண்டு வருசமா உன் உச்சி வகிட்டத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.