தலைவர் வந்த அன்று வெடி வைக்கவில்லை

"ஓடுங்க! கல்லு வருது, கல்லு!"

வியாழக்கிழமை. மதியம் ஒன்று ஐந்து. கிழக்கே குவாரியில் விசில் இரண்டு முறை ஊதுகிறது. வெடிக்கும் முன் ஊத வேண்டிய மூன்றாவது விசில் இல்லை. முதலில் தரை அதிர்கிறது. பிறகுதான் சத்தம். பிறகு ஓட்டுக்கூரையில் கல் விழுகிறது. படபடவென்று. நான் கட்டிலுக்கு அடியில். அம்மா வாசலில். கொடியில் துணி எடுக்கப் போனவள்.

"அம்மா! உள்ள வா!"

வரவில்லை.

பத்து நாளுக்கு முன்பு இதை நிறுத்தியிருக்கலாம்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பி.காம். முடித்தேன். சோமனூர்ப் பக்கம், எங்கள் தெருவில் மனு எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நாலு பக்கம். வெடித்த நேரம், விழுந்த கல், விரிசல் விட்ட சுவர். எல்லாம் குறித்தேன். எங்கள் ஒன்றியத் தலைவருக்கு அனுப்பினேன். வேறு யாரும் வரமாட்டார்கள். அவர் வருவார். யாரிடமும் கைநீட்டி வாங்காதவர். எங்கள் குடிதண்ணீர்க் குழாய் அவர் போட்டது. எதிர்க்கட்சிக்காரர்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

ஞாயிறு காலையிலேயே தெரு முழுக்க விளக்குமாற்றுச் சத்தம். யார் வீட்டுக்கு வந்தாலும் அவர் தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பார். அவர் காலில் கல் குத்தலாமா? கூடை கூடையாகக் கல்லை அள்ளிப் பாழுங்கிணற்றில் கொட்டினார்கள். அம்மா சுவர் விரிசலைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தாள்.

"அம்மா, அதுதான் சாட்சி."

"சாட்சியாமா சாட்சி! பெரிய மனுசன் வர்ற ஊடு இப்படிக் கெடந்தா நம்மளத்தான் துப்புவாங்க."

வந்தார். வெறுங்காலோடு நடந்தார். குவாரி அன்று ஊமையாக இருந்தது. அவர்களுக்கும் சேதி போயிருக்கும். சுத்தமான தெருவைப் பார்த்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, வெடியில ரொம்பக் கஷ்டமுங்களா?"

அம்மா கைகூப்பினாள். "நீங்க இருக்கறப்ப எங்களுக்கென்ன கொறைங்கய்யா? புள்ள படிச்சுப்போட்டு என்னமோ எழுதிப்போட்டாளுங்க."

தெரு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அப்படியா கண்ணு?"

வாயைத் திறந்தால் அம்மா பொய்க்காரி. ஊருக்கு முன்னால். அவருக்கு முன்னால். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் காத்திருந்தார். மோர் குடித்தார். போனார்.

அவரைக் குறைசொல்ல முடியவில்லை. கேட்டாரே. ஆனால் அவர் போகிற தெருவெல்லாம் இப்படித்தான் கூட்டி வைத்திருக்கும். கல் கிடக்கும் தெருவை அவர் பார்த்தே இருக்கமாட்டார்.

கல் விழுந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, துக்கம் கேட்க வந்தார். முனையில் செருப்பைக் கழற்றினார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உண்மையான அழுகை. குவாரியை மூடச் சொல்வதாகச் சொன்னார். சொல்வார்.

போனவை இவை. கூரை ஓடு முப்பத்தொன்று. வெள்ளாட்டுக் குட்டி ஒன்று. கொடியில் இருந்த என் கல்லூரிச் சுடிதார். அம்மா. வயது நாற்பத்தாறு.

கல் எத்தனை என்று எண்ணவில்லை. அவர் வருவதற்குள் தெருவைக் கூட்டிவிட்டார்கள்.