ஸக்கரியா நாநாவின் மூன்றாம் கேள்வி

மதிப்புக்குரிய தலைவர் மௌலவி அவர்களே, அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் எங்கள் பங்குத்தந்தை அவர்களே, நம்மை விட்டுப் போன மர்ஹூம் ஸக்கரியா அவர்களின் குடும்பத்தாரே, அலுவிகாரையிலிருந்தும் யட்டவத்தயிலிருந்தும் பல்லேபொலயிலிருந்தும் எத்தனையோ தடவை கையில் ஒரு சான்றிதழோடு அவரைத் தேடி வந்து, இன்று வெறுங்கையோடு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் கிறிஸ்தோபர். பஸ் நிலையத்துக்குப் பின்னால் போட்டோகொப்பிக் கடை வைத்திருப்பவன். ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவன். வரைக்கும்தான், தாண்டவில்லை. "ஏங்க, பேசப் போறதை ஒரு தாள்ல எழுதிக்கிட்டுப் போங்க, இல்லாட்டி கதை எங்கயாவது போயிரும்" என்று என் வீட்டுக்காரி டொறீன் காலையில் சொன்னாள். எழுதிக்கொண்டு வந்தேன். தாள் வீட்டு மேசையில் இருக்கிறது.

எனக்கு முன்னால் நாலு பேர் பேசினார்கள். நல்ல பேச்சு என்று சொன்னார்கள். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. நான் மூன்று தரம் எழும்பி உட்கார்ந்ததைப் பார்த்து, கதிரையில் மூட்டைப்பூச்சி என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. என் சட்டைப் பையில் இரண்டு சாமான் இருக்கிறது. ஒன்று, எனக்கு அண்ணன் மாதிரி இருந்த ஸக்கரியா நாநாவின் போன். மற்றது ஒரு துண்டுக் கடதாசி. இரண்டும் என்னை உட்கார விடவில்லை.

யார் இந்த ஸக்கரியா? சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். கந்தோர் இல்லை, சம்பளம் இல்லை, மேலதிகாரி இல்லை. என் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு கொம்பியூட்டர், ஒரு றப்பர் சீல், அவ்வளவுதான். பதினாறு வருஷம் அவர் மேலே இருந்தார், நான் கீழே இருந்தேன். படிப்பிலும் அதே மாதிரித்தான்.

அவரோடு தொடர்புகொள்ள ஒரே வழிதான் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். எழுத வேண்டும். ஈமெயிலில் எழுதலாம், வட்ஸ்அப்பில் எழுதலாம், ஒன்றும் தெரியாவிட்டால் என் கடையில் துண்டில் எழுதித் தரலாம். போன் எடுத்தால் எடுக்க மாட்டார். குரலில் பேசி அனுப்பினால், "எழுதுங்க" என்று ஒரு சொல் திரும்பி வரும். மொழிபெயர்க்கிறபோது சந்தேகம் வந்தால் அவரும் பேச மாட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டுக் கேள்விகளை எழுதிப் படிக்கட்டால் கீழே அனுப்புவார். பதில் எழுத்தில் வராமல் சீல் விழாது.

கொழும்பிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் ஏழு தரம் அடித்துப் பார்த்துவிட்டு என் கடை நம்பருக்கு எடுத்தார். "ஏன் மிஸ்டர், ஒங்க ட்ரான்ஸ்லேட்டர் ஊமையா?" என்றார். நான் படிக்கட்டில் நின்று மேலே கத்தினேன். "நாநா, நீங்க ஊமையாண்டு கேக்கிறாங்க." மேலேயிருந்து பதில் வந்தது. "ஓமெண்டு சொல்லு கிறிஸ்டி. ஊமைக்கு எழுதத்தானே வேணும்." கம்பெனிக்காரர் எழுதினார். பிறகு ஒன்பது வருஷம் அவரேதான் வேலை அனுப்பினார். ஒரு நாளாவது போன் எடுக்கவில்லை. இப்படி எழுதிக் கேட்பதால் தனக்கே என்ன வேண்டும் என்று தெளிவாகிறது என்று ஒரு தடவை எழுதியிருந்தார்.

ஏன் இந்தப் பிடிவாதம்? பெருமையா? திமிரா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் பவாஸின் கதையைச் சொன்னார்.

பல்லேபொலயில் பவாஸ் என்று ஒரு பையன். வெளிநாட்டு வேலைக்குப் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுத்தான். பெயரின் முதல் எழுத்தைக் கறையான் தின்றிருந்தது. அது அவர் என் கடைக்கு மேலே வருவதற்கு முந்திய காலம், நாநா அப்போது போனில் பேசுகிறவர். தகப்பனாருக்கு எடுத்து, இங்கிலீசில் முதல் எழுத்து என்ன என்று கேட்டார். தகப்பனார் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, "எஃப், சேர், எஃப்" என்றார். நாநாவின் காதில் விழுந்தது "எஸ்". பவாஸ், ஸவாஸ் ஆனான். கடதாசி அப்படியே கொழும்புக்குப் போய் அப்படியே திரும்பி வந்தது. நாநா அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு தானே இரண்டு தடவை கொழும்புக்கு பஸ்ஸில் போய் அதைத் திருத்திக் கொடுத்தார். "கிறிஸ்டி, என்ட காதை நம்பி ஒரு புள்ளைட பேரை மாத்திப் போட்டேன். அதோட என்ட காதுக்கு வேலை இல்ல" என்றார். அன்றிலிருந்துதான் துண்டு.

இன்றைக்கு அந்தப் பவாஸ் அதோ பின்வரிசையில் நிற்கிறார். சரியான பெயரோடு நிற்கிறார்.

போன புதன்கிழமைக்கு முந்திய புதன், பகல் லுஹர் தொழுகைக்கு எழும்பிய நாநா அப்படியே சாய்ந்தார். இன்றைக்குப் பத்தாம் நாள். போனை வீட்டார் என்னிடம் தந்து, கேட்கிறவர்களுக்குத் தகவல் சொல்லச் சொன்னார்கள். சற்று முன் நாம் எல்லோரும் மௌனமாக நின்றோமே, அந்த நேரத்திலும் அது என் நெஞ்சில் துடித்தது. நான் எடுக்கவில்லை. பதினாறு வருஷம் அவர் எடுக்காத போனை நான் எப்படி எடுப்பது? ஒவ்வொருவருக்கும் எழுதித்தான் பதில் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் எழுத்துப்பிழையைப் பார்த்தே அவர்களுக்கு விஷயம் விளங்கிவிடுகிறது, எழுதுவது நாநா இல்லை என்று.

இனி அந்தத் துண்டுக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

நாநாவின் மேசையில் "பதில் வரவேண்டியவை" என்று எழுதி ஒரு கோவை, ஒரு ஃபைல், இருந்தது. அதில் ஆறு பேருடைய கடதாசி. ஐந்து பேர் இந்த வாரம் பதில் எழுதித் தந்துவிட்டார்கள். ஆறாவது ஆள் நான்.

என் மகள் ஷெனாலி இத்தாலியில் இருக்கிறாள். அடுத்த மாதம் அவளுக்குப் பிரசவம். முதல் பிள்ளை. "அம்மாவும் நீங்களும் வந்தே ஆகணும் அப்பா" என்று அழுகிறாள். விசாவுக்கு நேர்முகம் வருகிற செவ்வாய்க்கிழமை. டொறீனின் கடதாசி எல்லாம் முடிந்துவிட்டது. என்னுடைய பிறப்புச் சான்றிதழ் மட்டும் பாதியில் நிற்கிறது. நாநா அதற்கு மூன்று கேள்வி எழுதி அனுப்பினார். முதல் இரண்டுக்கும் அன்றைக்கே பதில் எழுதினேன். மூன்றாவது கேள்வியை அவருடைய எழுத்திலேயே வாசிக்கிறேன்.

"மூன்று. தகப்பனாரின் தொழில்: கணக்கப்பிள்ளை. இது கணக்காளரா, தோட்டத்துக் கணக்கப்பிள்ளையா? ஒரு வரியில் எழுதிக் கையெழுத்து வைக்கவும்."

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன சந்தேகம்? கணக்கப்பிள்ளை என்றால் தேயிலை மலையில் ஆட்களை நிரை நிரையாக விட்டு, பின்னாலேயே நடந்து வேலை வாங்குகிறவர். என் அப்பா அதுதான். அட்டைக்கடியோடு, தலையில் சாக்குக் கொங்காணியோடு மழையில் நின்றவர். ஆனால் தோட்டம் தெரியாத ஒருவர் அந்தச் சொல்லைப் பிய்த்துப் பார்த்தால் அதில் "கணக்கு" இருக்கிறதல்லவா? நான் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டேன்.

மகளுக்குச் சம்பந்தம் பேசிய நாளில், டவுன்காரர்கள், படித்த குடும்பம் என்று பயந்துபோய், "எங்கப்பா எஸ்டேட்ல எக்கவுண்டன்ட்டா இருந்தவர்" என்று சொல்லிவைத்தேன். சம்பந்தி மேர்வின் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். மன்னிக்கணும் சம்பந்தி. கீழே பார்க்காதீங்க, கீழே பார்க்க வேண்டியவன் நான்.

மாப்பிள்ளை வீட்டில் அந்தக் கடதாசியைப் பார்ப்பார்களே என்று, நாநாவுக்கு வட்ஸ்அப்பில் குரலில் பேசி அனுப்பினேன். "நாநா, அது எக்கவுண்டன்ட்தான், அப்படியே போட்டுருங்க." படிக்கட்டால் துண்டு வந்தது: "அதை எழுதித் தாங்க." நேரில் ஏறிப் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "வாயால எத்தின தரமும் சொல்லலாம் கிறிஸ்டி. ஒரு தரம் எழுது பாப்போம்."

பதினொரு நாள் அந்தத் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பேனாவை எடுப்பேன், "எக்" என்று எழுதுவேன், கை நிற்கும். சட்டை மாறும், துண்டும் சட்டைக்குச் சட்டை மாறும். டொறீன் ஒரு தரம் சட்டையோடு சேர்த்து ஊறவைத்தும் விட்டாள். அப்படியும் அந்தக் கேள்வி அழியவில்லை. பன்னிரண்டாம் நாள், கேள்வி கேட்டவர் போய்விட்டார். என் பதிலுக்காகத் திறந்துவைத்த கோவை மேசையில் இருந்தபடியே போய்விட்டார். அதுதான் என்னை அரிக்கிறது. என்னால் முடிந்த ஒரு வரியை அந்த மனிதருக்குக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேனே.

மிச்சக் கோவைகளை யட்டவத்தயிலிருந்து வந்து பொறுப்பேற்றிருப்பவர் பஹ்மிதா. அவரும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். ஆறு வருஷமாக நாநாவோடு சேர்ந்து வேலை செய்தவர். ஆனால் நாநாவின் குரல் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. எல்லாம் ஈமெயில். இன்று பகல் அவர் என்னிடம், "அவர் சிரிச்சா சத்தமாச் சிரிப்பாரா, அங்கிள்?" என்று கேட்டார். "இல்ல மகள், தோள் மட்டும்தான் ஆடும்" என்றேன். அதைக் கேட்டு அழுதார்.

அந்த நேரம் பார்த்து நான் மெதுவாக, "மகள், என்ட மூணாவது கேள்விக்கு, அது தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான்" என்றேன். ஒரு பெரிய பாரத்தை இறக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரி அங்கிள். எழுதித் தாங்க."

அன்பானவர்களே, நாநாவுக்கு மண்டபம் கட்டுவோம், பெயர்ப்பலகை வைப்போம் என்று சிலர் பேசினார்கள். என்னால் முடிந்தது சின்னது. என் கடைப் படிக்கட்டில் இனியும் துண்டு ஏறும், துண்டு இறங்கும். பஹ்மிதாவை யாரும் போனில் அவசரப்படுத்த நான் விட மாட்டேன். உங்கள் பெயரை, ஊரை, அப்பாவின் தொழிலை யார் கேட்டாலும் உள்ளதை எழுதிக் கொடுங்கள். எழுத வராதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன். பிழையோடு, ஆனால் பொய்யில்லாமல்.

இதோ அந்தத் துண்டு. மௌலவி பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கதிரைக்காரரின் பேனாவை வாங்கி, முழங்காலில் வைத்து எழுதிவிட்டேன். "என் அப்பா தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. கணக்காளர் அல்ல." எழுத்து கோணல். கையெழுத்து மட்டும் பாக்கி.

ஃபாதர், உங்கள் பேனாவைக் கொஞ்சம் தாருங்கள்.