கல்தாமா கணவாய் இறக்கத்தில் பதினோராம் எண் கார்

எனது பெயர் புருல்கான் அசன்பெகோவா. வயது 52. நரின் நகரம், ஆற்றங்கரைத் தெரு, 17-ஆம் எண் வீட்டில் கணவர் தோக்தோசுனுடன் வசித்து வருகிறேன். நரின் பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கும் வேலை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல என்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று விசாரணை அதிகாரி இரண்டு முறை விளக்கினார். விளங்கிக்கொண்டுதான் சொல்கிறேன். சம்பவத்தன்று சாலையில் வைத்து நான் கொடுத்த முதல் வாக்குமூலம் பொய்.

என் கணவருக்கு வயது 58. முப்பத்தோரு வருடம் நரின்–பிஷ்கெக் பேருந்து ஓட்டியவர். சர்க்கரை நோயால் வலது கண் போய் நான்கு வருடம் ஆகிறது. இடது கண்ணிலும் ரத்தம் கசிகிறது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று சென்ற மார்ச் மாதம் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். அதன் பிறகு சோல்பொன்-அதாவிலிருந்து ஓஷ் வரை ஐந்து நாள் பழைய கார்கள் ஓட்டம் நடக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. எங்கள் 1961-ஆம் வருடத்து வோல்கா காரில் போக அவர் ஆசைப்பட்டார். கண் பரிசோதனைச் சான்றிதழ் கேட்டார்கள். பரிசோதனைப் பலகையின் எழுத்துகளை நான்தான் எழுதிக்கொண்டு வந்து, சமையலறையில் மாவு பிசைந்துகொண்டே ஒரு வாரம் அவரை மனப்பாடம் செய்ய வைத்தேன். முதல் வரி ஷ, ப. அடுத்தது ம, ந, க. அவர் தடுமாறாமல் ஒப்பித்துச் சான்றிதழ் வாங்கினார். ஏன் செய்தாய் என்று அதிகாரி கேட்கிறார். வண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு அவர் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

எங்கள் காருக்குப் பதினோராம் எண் கொடுத்தார்கள். முதல் மூன்று நாட்கள் ஒரு குறையும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து வழிப் புத்தகத்தைப் படித்து வளைவுகளைச் சொல்லிவந்தேன். நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்குக் காசர்மானிலிருந்து புறப்பட்டு, பதினோரு மணிக்கு மேல் கல்தாமா கணவாய் உச்சியை அடைந்தோம். நல்ல வெயில். அங்கே பதினான்காம் எண் காரை ஓட்டிவந்த ஓஷ்காரர் மாம்பெத், தன் பிரேக் சூடேறி நாற்றம் வருவதாகச் சொன்னார். "இறக்கத்துல நடுவுல நின்னுடாதீங்க அண்ணே. என்னால சட்டுனு நிறுத்த முடியாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதன் பிறகு நாங்கள் ரொட்டி தின்றுவிட்டு முன்னால் இறங்கினோம்.

நான்கு கிலோமீட்டர் தாண்டி, தேன் விற்கும் பெண்பிள்ளை ஒருத்தி கை காட்டினாள். கை காட்டுகிறவர்களுக்கு ஹாரன் அடிக்காமல் என் கணவர் போனதே கிடையாது. அன்று அடிக்கவில்லை. அதன் பிறகு புத்தகத்தில் படிந்த புழுதியைத் துடைத்ததில் ஒரு வளைவைச் சொல்லத் தவறினேன். கார் திரும்பாமல் நேராகப் போனது. நான் கத்திய பிறகே திருப்பினார். என் பக்கத்துச் சக்கரம் தள்ளிய கற்கள் பள்ளத்தில் போயின. அவை கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை.

அவர் குரலைத் தாழ்த்தி, "புருல், கத்தாத. கண்ணுக்குள்ள கறுப்பா புகை இறங்கிடுச்சு. வெளிச்சம் மட்டும்தான் தெரியுது" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். உச்சியிலிருந்தே என்றார். நிறுத்தச் சொன்னேன்.

"பின்னாடி பதினாலு வருது. இங்க நின்னா நம்மள இடிச்சுத் தள்ளிட்டுப் போயிடும். ரோடு அகலமாற இடத்துல நிறுத்துறேன். அதுவரைக்கும் நீ சொல்லு, நான் திருப்புறேன்."

அகலமான இடம் இரண்டரை கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதாகப் புத்தகத்தில் இருந்தது. அவர் இரண்டாம் கியரில் இறக்கினார். நான் இடது, வலது, நேர், போதும் என்ற நான்கு சொற்களை மட்டுமே சொல்லிவந்தேன். வேறு சொல் எதுவும் என் வாயில் வரவில்லை. என் ஜன்னலுக்குக் கீழே சாலை தெரியவில்லை, ஆறு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் சட்டைக் கையைப் பிடித்திருந்தேன், அது கிழிந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அவர் முகம் பேருந்து ஓட்டும்போது இருப்பதைப் போலவே இருந்தது.

அகலமான இடத்துக்கு முந்நூறு மீட்டர் இருக்கும்போது, ஒரு வளைவு தாண்டியதும், பெண் குதிரைகளும் குட்டிகளும் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. குதிரைமேல் இருந்த மேய்ப்பர் கையை உயர்த்தினார். எங்களுக்கும் அவருக்கும் அறுபது அடி இருக்கும். அவர் முகத்தை நான் தெளிவாகப் பார்த்தேன். நிறுத்து என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயத்தால் சொல்லவில்லையா, நின்றால் பின்னால் வரும் கார் எங்களைத் தள்ளிவிடும் என்று நினைத்தேனா என்று அதிகாரி கேட்கிறார். எனக்கே தெரியவில்லை. இரண்டும் இருந்தன. மேய்ப்பர் குட்டிகளைக் காப்பாற்றத் தன் குதிரையைக் குறுக்கே விட்டார். கார் அதன்மேல் மோதியது.

சத்தம் கேட்டுத்தான் என் கணவர் பிரேக் போட்டார். "என்னது, கல்லா?" என்று கேட்டார். ஆள் என்று சொன்னேன்.

குதிரை அங்கேயே செத்தது. மேய்ப்பர் பெயர் எர்மெக், வயது 34. தொடை எலும்பு முறிந்து கிடந்தார். நான் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தபோது, "அக்கா, நான் கையத் தூக்கினேனே. நீங்க என்னப் பார்த்தீங்களே" என்றார். கண்ணில் வெயில் அடித்தது என்று சொன்னேன். பிறகு போலீசாரிடமும் அதையே சொன்னேன். உண்மையில் வெயில் எங்கள் முதுகுப் பக்கம் இருந்தது.

பதினான்காம் எண் கார் நாற்பது நிமிடம் கழித்து வந்தது. பிரேக் ஆறட்டும் என்று தேன் விற்கிற இடத்திலேயே நிறுத்திவிட்டதாக மாம்பெத் சொன்னார். எங்களுக்குப் பின்னால் யாருமே வந்துகொண்டிருக்கவில்லை.

என் கணவர் இப்போது ஜலால்-அபாத் மருத்துவமனையில் இருக்கிறார். அவருக்கு வெளிச்சமும் தெரிவதில்லை. தனக்குக் கண் தெரிந்ததாகவும், நான் தூங்கிக்கொண்டு வந்ததாகவும் அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நேற்று என் கையைத் தடவிப் பார்த்துப் பிடித்து, "நீயும் அதையே சொல்லு. ஒரு வீட்ல ஒருத்தர் ஜெயிலுக்குப் போனா போதும்" என்றார். எர்மெக் அதே கட்டடத்தின் மேல் மாடியில் படுத்திருக்கிறார். படிக்கட்டு வரை போனேன், ஏறவில்லை. நேராக இங்கே வந்தேன்.

நான் தூங்கவில்லை. அந்தக் காரில் கண் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

மேலே உள்ளதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, எதையும் நீக்கச் சொல்லவில்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) பு. அசன்பெகோவா