தேர்வு எழுதாத பிள்ளைகளின் தேர்ச்சி

அவையை அணிசெய்யும் தலைவர் அவர்களே, அருகே அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மையாரே, அறிவூட்டும் ஆசிரியப் பெருமக்களே, வயதாலும் வாஞ்சையாலும் உயர்ந்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசர அவசரமாக வந்து, துள்ளும் பிள்ளைகளை மடியில் அடக்கிப் பிடித்திருக்கும் தாய்மார்களே! மின்விசிறியும் மிக்சியும் பழுதுபார்க்கும் இந்த எளியவனின் பணிவான வணக்கம்.

ஒலிபெருக்கி கீச்சிடுகிறதே என்று பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள்! அதைப் பழுதுபார்த்தவனும் நான்தான்.

பெற்றோர் சங்கத்தின் சார்பில் பாராட்டிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். வாசிப்புத் தேர்வில் நமது தொடக்கப்பள்ளி வட்டாரத்திலேயே முதலிடம்! அதே ஆண்டில்தான் கைத்தொழில் வகுப்பும் தொடங்கியது. "கரம் வளர்ந்தது, கல்வி வளர்ந்தது, கண்மணிகளின் கனவு வளர்ந்தது!" என்று கனல் பறக்கும் உரையொன்றை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இன்று அதில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. பாராட்டுவதா, பழிப்பதா? மகிழ்வதா, மருகுவதா? மேடையேறிய பிறகும் குழம்பித்தான் நிற்கிறேன்.

என் சின்னவளை உங்களில் பலருக்குத் தெரியும். நான்காம் வகுப்பு. புத்தகத்தைத் திறந்தால் அவளுக்கு வயிறு வலிக்கும். முதல் எழுத்தைப் படிப்பாள், மீதியை ஊகிப்பாள், ஊகம் தவறினால் உதட்டைக் கடித்துக்கொள்வாள். அவளைப் பள்ளிக்குக் கிளப்புவதற்குள் என் மனைவிக்கு உயிர் போய் உயிர் வரும். கைத்தொழில் வகுப்பு வந்தது. எங்களுக்கு முன்பாக அவள் எழுந்து, தலைசீவி, வாசலில் நின்றாள்! ஒருநாள் தானே செய்த முக்காலியோடு வந்தாள். நான் ஏறி உட்கார்ந்தேன், அசையவில்லை. என் கடை நாற்காலியே ஆடும், ஐயா! என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சென்ற வாரம் பெற்றோர் பார்வையிடும் நாள். பட்டறை அறைக்குப் போனேன். மரத்தூள் மணக்கிறது. சின்னவள் உப்புத்தாளால் பலகையைத் தேய்க்கிறாள். பக்கத்தில் வெல்டிங் அண்ணனின் மகள், அடுத்து சலவைக்கடை அக்காவின் பிள்ளைகள். பூரித்துப்போய், மகளைப் பார்க்க வந்திருந்த வெல்டிங் அண்ணனிடம் சொன்னேன்:

"பாத்தீங்களாண்ணே, நம்ம பிள்ளைங்க கலக்குதுங்க!"

அவர் சிரிக்கவில்லை.

"நம்ம பிள்ளைங்க மட்டுந்தான் தம்பி கலக்குது. டாக்டரம்மா மகன் எங்க? வங்கிக்காரர் மகள் எங்க? இது வாசிப்பு நேரமாச்சே?"

தாழ்வாரத்துக்கு எதிரே வாசிப்பு வகுப்பு. அங்கே அந்தப் பிள்ளைகள் கணீரென்று படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குள் ஏதோ இடறியது. மகளிடம் குனிந்து கேட்டேன்:

"தேர்வு நல்லா எழுதினியாம்மா?"

"எந்தத் தேர்வுப்பா? அன்னிக்கு நாங்க இங்க ஆணி அடிச்சிட்டு இருந்தோம்."

அவையோரே! முதலிடம் என்று மாலை போட்டுக்கொண்டோமே, அந்தத் தேர்வை என் மகள் எழுதவே இல்லை!

கைத்தொழில் ஆசிரியையைக் கேட்டேன். அவர் கண்கலங்கிவிட்டார். "நான் கேக்கலைங்க. 'இதுங்களுக்குப் புத்தகம் ஏறாது, உங்ககிட்டயே வெச்சுக்கங்க'ன்னு வாசிப்பு வகுப்புலேருந்து அனுப்பினாங்க. பிள்ளைங்க ஆசையா வந்துச்சு, வெச்சுக்கிட்டேன்."

வெல்டிங் அண்ணன் அப்போதே மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "படிக்காம நான் கை சுட்டுக்கிட்டது போதும். இனிமே இவளை இந்தப் பட்டறைக்கு அனுப்ப மாட்டேன்" என்று அழைத்துப் போய்விட்டார். அந்தக் குழந்தை தான் பாதி செய்த பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

நானும் வீட்டில் சின்னவளிடம் சொன்னேன், "இனிமே நீ வாசிப்பு வகுப்புலதான் உக்காரணும்." அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. அங்க நான் மக்கு. இங்க நான் மக்கு இல்ல."

தாய்மார்களே, நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"வகுப்பை மூடிடுங்க" என்று அங்கே ஒருவர் குரல் கொடுக்கிறார். மூடலாம் ஐயா! என் மகள் மக்கு இல்லாத ஒரே அறையை மூடிவிட்டு, அவளை எங்கே உட்காரவைக்க? "நடக்கிறபடி நடக்கட்டும்" என்கிறார் இன்னொருவர். நடக்கட்டும் ஐயா! நாளைக்கு ஒரு கடுதாசி வந்தால் அதை யாரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்வாள்? மூடச் சொன்னாலும் மனம் பதறுகிறது. அப்படியே விடச் சொன்னாலும் வயிறு எரிகிறது.

ஆனால் இந்தக் குழப்பத்திலும் ஒன்று எனக்குப் புலப்படுகிறது. உளி பிடிக்கட்டும், ஊரார் பிள்ளைகள் எல்லாரும் பிடிக்கட்டும்! டாக்டரம்மா மகனும் ஆணிக்குப் பதில் விரலில் அடித்துக்கொண்டு அலறட்டும்! ஆனால் வாசிப்பு வகுப்பிலிருந்து ஒரு பிள்ளைகூட, ஒரே ஒரு பிள்ளைகூட, எழுப்பி அனுப்பப்படக் கூடாது! தடுமாறும் பிள்ளையை மறைத்து வருகிற தேர்ச்சி தேர்ச்சியா? திணறும் குழந்தையைத் தள்ளிவிட்டுப் பெறுகிற வெற்றி வெற்றியா?

தலைமையாசிரியை அம்மையார் எழுந்து நிற்கிறார். கைதட்டலை நிறுத்துங்கள், பேசட்டும்... சொல்லுங்கம்மா.

"பிள்ளைங்க பயந்துடக் கூடாதுன்னுதான் தேர்வுக்குக் கூப்பிடல. அப்படித்தான் எனக்கே சொல்லிக்கிட்டேன். அந்த முதலிடத்தைத் திருப்பிக் கொடுத்துடறோம். மறுபடியும் எல்லாரும் எழுதட்டும்."

கேட்டீர்களா! இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! பாராட்டிப் பேசத்தானே வந்தேன்? இதோ, இப்போது வாயாரப் பாராட்டுகிறேன் அம்மா.

நம் இடம் இறங்கும். இறங்கட்டும். வெல்டிங் அண்ணே, வாசலிலேயே நிற்கிறீர்களே, தேர்வுக்கும் பட்டறைக்கும் மகளை அழைத்து வாருங்கள். என் மகள் நாளைக் காலை அழுவாள். வயிறு வலிக்கிறது என்பாள். என்ன சொல்லித் தேற்றுவேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசிப்பு வகுப்பு வாசல் வரைக்கும் நடப்பேன்.

பொறுமையோடு செவிகொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.